பல்லைப் பார்க்காமல் போட்ட கணக்கு: ஒரு கலப்புக் குதிரைக்குட்டி எவ்வளவு வளர்ந்தது?

என் கலப்புக் குதிரை சாம்பிக்கு இந்த மாதம் 5 வயது நிறைகிறது. தோள் மேட்டில் உயரம் 150 செ.மீ. கடந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை அளந்துவிட்டேன், எண் நகரவில்லை. இதற்கு மேல் உயரம் கூடாது என்று முடிவு செய்து, அளவுத்தண்டை லாயத்தின் மூலையில் சாய்த்துவிட்டேன்.

அளவு நோட்டின் முதல் பக்கத்தில், வளர்ந்த பிறகு வரப்போகும் உயரம் 159 என்று கணித்து எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். 9 செ.மீ. வித்தியாசம். குதிரையில் 9 செ.மீ. என்பது சின்ன விஷயம் இல்லை. சேணம், போர்வை, ஏறப்போகிறவரின் எடை எல்லாமே மாறிவிடும். அந்த 159 எப்படி வந்தது, எங்கே தப்பியது என்பதைத்தான் எழுதுகிறேன். கலப்புக் குட்டி ஒன்றை வாங்கிவிட்டு, “இது எவ்வளவு உசரம் போகும்?” என்று தினமும் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு உதவலாம்.

வாங்கும்போது எனக்குச் சொல்லப்பட்டவை மூன்று. தகப்பன் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம், உயரம் 16 ஹேண்ட் (குதிரை உயரத்துக்கான அலகு, ஒரு ஹேண்ட் 4 அங்குலம்). தாய் மட்டக்குதிரைக் கலப்பு, 13.3 ஹேண்ட். குட்டிக்கு வயது 10 மாதம். தாயை நேரில் பார்த்தேன், உயரமும் சரியாகத்தான் இருந்தது. தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்தேன். வயதுக்குக் காகிதம் எதுவும் இல்லை. விற்றவரும் வேறொருவரிடம் வாங்கியவர்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை முடி தெரிந்ததால் கறுப்பாக இருக்கும் இந்தக் குட்டி பின்னால் சாம்பல் நிறமாக மாறும் என்று கணித்து, அன்றைக்கே சாம்பி என்று பெயர் வைத்தேன். என் கணிப்புகளில் முதல் தடவையிலேயே பலித்தது அது ஒன்றுதான்.

எனக்கு உயரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருந்தது. நான் 71 கிலோ. சேணம், விரிப்பு, வார் எல்லாம் சேர்த்து 8 கிலோ. குதிரை சுமக்கும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். அப்படிப் பார்த்தால் 79 கிலோவுக்கு 395 கிலோ குதிரை வேண்டும். சாம்பி அந்த அளவுக்கு வருமா, இல்லை வேறு யாராவது இலகுவான ஆளுக்குத்தான் ஆகுமா என்று தெரிய வேண்டும்.

முதல் நாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். குளம்பிலிருந்து தோள் மேடு வரை, உடம்போடு ஒட்டிப் பிடித்தேன். 146 வந்தது. தோளின் வளைவைச் சுற்றி டேப் ஏறியதால் உயரம் கூடுதலாகக் காட்டுகிறது என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. தோள் மேடு, அதாவது பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் துருத்தி நிற்கும் எலும்பு மேடு, அதன் உச்சியிலிருந்து தரைக்கு நேர் செங்குத்தாக வரும் தூரம்தான் குதிரையின் உயரம். அதை அளக்க விறைப்பான தண்டும், அதிலிருந்து கிடையாக நீளும் கையும் வேண்டும்.

தண்டு செய்தேன். வீட்டில் மிச்சமிருந்த 2 மீட்டர் பிவிசி குழாய், அதே அளவு டீ (T வடிவ) இணைப்பு ஒன்று, கைக்கு 60 செ.மீ. குழாய்த் துண்டு. டீ-யை அப்படியே மாட்டினால் குழாய் பாதியில் நின்றுவிடும். உள்ளே ஒரு சின்ன வரம்பு இருக்கிறது. அரை வட்ட அரத்தால் அந்த வரம்பை ராவி எடுத்து, உப்புத்தாள் போட்டு உள்பக்கத்தைத் தேய்த்தால் டீ குழாயில் மேலும் கீழும் வழுக்கிப் போகும். எனக்கு இதற்கே ஒரு மதியம் போனது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டதால் ஆட்டமும் வந்துவிட்டது. கை நுனியில் 1.5 செ.மீ. தொங்கியது. இரண்டாவது டீ வாங்கித் தேய்ப்பதற்குப் பதிலாக, சின்ன ரசமட்டம் ஒன்றை அந்தக் கையின் மேலேயே கட்டிவிட்டேன். குமிழி நடுவில் நிற்கும்போது மட்டும் அளவைப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். தண்டில் கட்டியிருந்தால் தண்டு நேராக நிற்பதை மட்டும்தான் அது சொல்லியிருக்கும். தொங்கும் கையைக் காட்டிக்கொடுத்திருக்காது.

அளவுக்குப் பழைய இரும்பு டேப்பை வெட்டிக் குழாயில் ஒட்டினேன். இங்கே இன்னொரு தப்பு. டீ-யின் கீழ் விளிம்பு எந்த எண்ணில் நிற்கிறதோ அதைப் படித்தேன். ஆனால் குதிரையின் மேல் படுவது கையின் அடிப்பக்கம். அது டீ-யின் கீழ் விளிம்பை விட 2.1 செ.மீ. மேலே இருக்கிறது. சாப்பாட்டு மேசையை இரும்பு டேப்பாலும் தண்டாலும் அளந்து பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. டேப்பைப் பிய்த்து 2.1 செ.மீ. கீழே இறக்கி ஒட்டினேன். தண்டு செய்கிறவர்கள் முதலில் உயரம் தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள். மேசை திமிறாது.

குட்டி திமிறும். பிளாஸ்டிக் குழாய் சிமெண்டுத் தரையில் ‘டக்’ என்று பட்டதும் சாம்பி மூன்றடி பின்னால் போய்விட்டது. குழாயின் அடியில் பழைய சைக்கிள் டியூபை மாட்டிச் சத்தத்தைக் குறைத்து (அந்த 2 மி.மீ.-ஐயும் டேப்பில் சரிசெய்து), ஒரு வாரம் தீனி வைக்கும் நேரத்தில் எல்லாம் தண்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். எட்டாம் நாள் முதுகில் தண்டின் கையை இறக்கியபோது காதைத் திருப்பியதோடு சரி.

நிற்கும் விதம் அதைவிட முக்கியம். முன்னங்கால்கள் இரண்டும் ஒரே கோட்டில், முட்டிக்குக் கீழ் நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். தலை ரொம்பத் தூக்கியும் இருக்கக் கூடாது, தீனித் தொட்டியில் கவிழ்ந்தும் இருக்கக் கூடாது. உச்சந்தலை தோள் மேட்டின் மட்டத்தில் இருந்தால் நல்லது. மிரண்டு விறைத்து நின்றால் ஒரு எண், அசந்து ஒரு பின்னங்காலை மடக்கி நின்றால் வேறு எண். முதல் நாள் ஒரே மணி நேரத்தில் எடுத்த ஐந்து அளவுகளுக்குள் 3 செ.மீ. வித்தியாசம். அப்புறம் தோள் மேட்டின் உச்சியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு விரல் அகலம் முடியைக் கத்தரித்து அடையாளம் வைத்தேன். ஐந்து அளவில் கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடு மூன்றின் சராசரி. இரண்டு மாதத்தில் வித்தியாசம் 7 மி.மீ.க்குள் வந்துவிட்டது.

குளம்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லாடக்காரர் வந்து குளம்பைச் சீவிவிட்டுப் போன அன்று சாம்பி 6 மி.மீ. குட்டையாகியிருந்தது. அதனால் சீவிய மறுநாள் மட்டும் அளப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். அவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வருவார்; அளவும் அப்படியே.

சரி, வாங்கிய இரண்டாவது வாரத்தில் கிடைத்த நம்பகமான உயரம் 141 செ.மீ. இனி கணிப்பு. நான்கு வழிகளில் போட்டேன்.

முதலாவது விகிதக் கணக்கு. நல்ல தீனியில் வளரும் பெரிய இனக் குட்டி பிறக்கும்போதே முழு உயரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 6 மாதத்தில் சுமார் 83, ஒரு வயதில் சுமார் 90, ஒன்றரை வயதில் 95, இரண்டு வயதில் 97-98. மட்டக்குதிரை வகைகள் இன்னும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். எடை இப்படி இல்லை. ஒரு வயதில் எடை மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். சாம்பிக்கு 10 மாதம் என்றார்கள், அப்படியானால் 88.5 சதவீதம் என்று வைத்தேன். 141-ஐ 0.885-ஆல் வகுத்தால் 159.

இரண்டாவது, தாய் தகப்பன் சராசரி. 13.3 என்பது 13 ஹேண்டும் 3 அங்குலமும், அதாவது 55 அங்குலம். 16 ஹேண்ட் 64 அங்குலம். சராசரி 59.5 அங்குலம், 151 செ.மீ. (ஒரு ஹேண்ட் 4 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம். அது தெரியாமல் முதலில் 15.2 ஹேண்ட் என்ற ஓர் உயரத்தை நேராக 10.16-ஆல் பெருக்கி 154.4 என்று எழுதி வைத்திருக்கிறேன். 15.2 ஹேண்ட் என்றால் 62 அங்குலம், 157.5 செ.மீ.)

மூன்றாவது கயிறு. முன்னங்காலின் முழங்கை எலும்பு முனையில் கயிற்றின் ஒரு நுனியை வைத்து, குளம்புக்கு மேலுள்ள மூட்டின் அடிப்பகுதி வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு முழங்கையில் இருக்கும் நுனியை அப்படியே வைத்துக்கொண்டு, கீழ் நுனியை நேர் மேலே திருப்பினால் அது எட்டும் உயரம்தான் வளர்ந்த உயரம் என்பார்கள். மூன்று தடவை செய்தேன்: 150, 154, 148.

நான்காவது, முன்னங்கால் முட்டியின் நடுவிலிருந்து குளம்பும் முடியும் சேரும் கோடு வரை எத்தனை அங்குலமோ அத்தனை ஹேண்ட் என்ற கணக்கு. குட்டிகள் கால் மட்டும் நீண்டு கொக்கு மாதிரி நிற்பதற்குக் காரணம் இதுதான்: முட்டிக்குக் கீழே உள்ள எலும்புகளின் வளர்ச்சி முதல் வருஷத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கூடும் உயரமெல்லாம் முட்டிக்கு மேலே. அதனால் கீழ்க்காலை வைத்து மேலே என்ன வரும் என்று ஊகிக்கிறார்கள். எனக்குக் கிடைத்த எண்கள்: 15½, 14¾, 15¼.

இப்போது நோட்டைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. சராசரி 151 என்கிறது. கயிற்றின் மூன்று அளவையும் கூட்டி வகுத்தால் அதுவும் 151 அருகில்தான். முட்டிக் கணக்கு 14.3 ஹேண்டிலிருந்து (அதாவது 14¾) 15.2 ஹேண்ட் (15½) வரை அலைகிறது. நான் என்ன செய்தேன்? விகிதக் கணக்கில் 159 வந்துவிட்டது, அது எனக்குப் பிடித்துவிட்டது. முட்டிக் கணக்கில் 15½ அதற்குப் பக்கத்தில் வருகிறதே என்று அதை எடுத்துக்கொண்டேன். 14¾-க்குப் பக்கத்தில் ‘குட்டி அசைந்தது’ என்று எழுதி அடித்துவிட்டேன். கயிற்றில் 154-க்கு ஒரு டிக். தாய் தகப்பன் சராசரிக்கு ‘கலப்பு வீரியம், கூடலாம்’ என்று ஒரு சமாதானம். அப்புறம் 159-க்குக் கீழே இரண்டு கோடு.

அந்த எண்ணை நம்பிப் போர்வை வாங்கினேன். சேணமும் செய்யச் சொல்லிவிடலாம் என்று போனேன். சேணம் செய்கிறவர் குட்டியின் வயதைக் கேட்டுவிட்டு, “முதுகு இன்னும் மாறும், நாலஞ்சு வயசாகட்டும், அப்ப வாங்க” என்று அனுப்பிவிட்டார். முதுகெலும்பின் வளர்தட்டுகள் (எலும்பு வளரும் இடத்தில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகள்) மூடுவதற்கு 5, 6 வயது ஆகும் என்பதை அவரிடம்தான் முதலில் கேள்விப்பட்டேன். அவர் மறுத்தது எனக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தியது. போர்வைக்காரர் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து 142.4. நான் 144 எதிர்பார்த்தேன். நான்கு மாதத்தில் 146.5 வந்திருக்க வேண்டும், வந்தது 143.6. குட்டி பின்தங்குகிறது என்று பயம் வந்துவிட்டது. வயிற்றுப்புழுவாக இருக்குமோ என்று சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கவலைப்படும்படி எதுவும் இல்லை. அப்படியென்றால் தீனி போதவில்லை என்று நானே தீர்மானித்து, ஓட்ஸைக் கூட்டி, கோதுமைத் தவிட்டையும் சேர்த்தேன். இந்தக் கதையில் எனக்கு வெட்கமாக இருக்கும் இடம் இது.

ஆறு வாரத்தில் நெஞ்சுச் சுற்றளவு 5 செ.மீ. கூடியது. உயரம் 6 மி.மீ. ஒரு காலை, முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே உட்பக்கம் புடைத்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் உடுக்கை மாதிரி, நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் அகன்று தெரிந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. நொண்டவில்லை, ஆனால் வழக்கமான குதியாட்டம் இல்லை.

கால்நடை மருத்துவர் வந்தார். முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன தீனி போடறீங்க தம்பி?” என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வளரும் குட்டிக்கு மாவுச்சத்தை அள்ளிக் கொட்டினால் வளர்தட்டில் வீக்கம் வரலாம். போதாததற்குத் தவிடு: அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்கு வேண்டியது நேர் எதிர், பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம். தவிட்டை அன்றே நிறுத்தினார். ஓட்ஸைப் பாதிக்கும் கீழே இறக்கி, நல்ல காய்ந்த புல்லையும் கொஞ்சம் குதிரை மசாலையும் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) மட்டும் போடச் சொன்னார். எக்ஸ்ரேயும் எடுத்தார். முட்டிக்கு மேல் உள்ள எலும்பின் கீழ்நுனியில் வளர்தட்டு கறுப்புக் கோடாகத் தெளிவாகத் தெரிந்தது; இன்னும் மூடவில்லை, இன்னும் வளரும். எவ்வளவு வளரும் என்று அந்தப் படம் சொல்லாது. அந்தத் தட்டு மூடுவது ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில்.

பெட்டியை மூடிக்கொண்டே, “வயசு என்ன சொன்னீங்க?” என்றார்.

“பதினஞ்சு மாசம் டாக்டர்.”

சாம்பியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். “யார் சொன்னது? ஓரப் பல்லு மேலயும் கீழயும் ஒட்டித் தேய ஆரம்பிச்சிருக்கு பாருங்க. இது ரெண்டு வயசுக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.”

குனிந்து பார்த்தேன். குதிரைக்கு முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். பால் பற்களில் நடு இரண்டும் பிறந்த ஒரு வாரத்துக்குள் வந்துவிடும், அடுத்தவை ஒன்றரை மாதத்தில், ஓரத்தில் உள்ளவை 6 முதல் 9 மாதத்தில். ஓரப் பல் முளைத்த பிறகு எதிர்ப் பல்லோடு பொருந்தித் தேய இன்னும் நாள் பிடிக்கும். 15 மாதக் குட்டிக்கு ஓரப் பற்கள் இன்னும் எட்டாமல், விளிம்பு கூராக இருக்க வேண்டும். சாம்பிக்கு அந்த விளிம்பு மழுங்கி, சின்னத் தட்டையான பட்டையாகிவிட்டிருந்தது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் இதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். ஐந்து மாதமாக ஒரு நாள்கூட உதட்டை விலக்கிப் பார்க்கவில்லை.

அன்றிரவு கணக்கைத் திரும்பப் போட்டேன். அன்றைய உயரம் 144.2. வயது 20-லிருந்து 22 மாதத்துக்குள் என்றால் 95.5 முதல் 97 சதவீதம். விடை 149-க்கும் 151-க்கும் நடுவே. குட்டி பின்தங்கவே இல்லை. தன் வயதுக்குச் சரியாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. நான்தான் இல்லாத வளர்ச்சியைத் தேடி அதன் முட்டியை வீங்க வைத்திருந்தேன். வீக்கம் வடிய இரண்டரை மாதம் ஆனது.

அதன் பிறகு முட்டிக் கணக்கை மட்டும் ஒழுங்காக மறுபடி செய்து பார்க்க ஆசை வந்தது. மரச்சட்டம் ஒன்றில் இரண்டு குச்சிகளைச் செங்குத்தாக அடித்து, ஒன்று நகரும்படி ஒரு கவ்வி மாதிரி செய்தேன். இந்தத் தடவை அளவை நான் படிக்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டு, பழைய எண்களைக் காட்டாமல், சட்டத்தை அவன் கையில் கொடுத்தேன். ஐந்து தடவையில் நான்கு முறை 14¾ என்றான். ஒரு தடவை 14⅞.

“சரியாப் பாத்தியாடா? பதினஞ்சரை இருக்கும்.”

“மச்சான், உனக்கு என்ன நம்பர் வேணும்னு சொல்லிடு, நான் அதையே படிக்கிறேன்.”

அவன் சொன்னது சுருக்கென்றது. நான் ‘குட்டி அசைந்தது’ என்று அடித்துப்போட்ட அதே 14¾. ஹேண்ட் கணக்கில் 14.3, அதாவது 59 அங்குலம், 150 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கடைசியில் நின்ற உயரமும் அதுவே. ஒரு குதிரையில் பலித்ததால் இந்தக் கணக்கை நம்பலாம் என்று சொல்ல மாட்டேன். காலில் கால் அங்குலம் பிசகினால் விடையில் முழு ஒரு அங்குலம் பிசகும், நான்கு மடங்கு. கயிற்றிலும் அப்படித்தான்: முழங்கையை 1 செ.மீ. மேலே பிடித்தால் கயிறும் 1 செ.மீ. நீளும், திருப்பும் இடமும் 1 செ.மீ. ஏறும், ஆக விடை 2 செ.மீ. கூடும். குட்டியின் முழங்கையில் தோலும் தசையும் வழுக்கும்போது எலும்பு முனையை 1 செ.மீ.க்குள் பிடிப்பது லேசில்லை. என் 148, 150, 154 எல்லாம் அந்த வழுக்கலில் வந்தவை.

தாய் தகப்பன் சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு செ.மீ. பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்து ‘இதுவே போதுமே’ என்று தோன்றும். ஆனால் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ராட்சத ஷையர் குதிரையையும் குட்டை ஷெட்லேண்டு மட்டக்குதிரையையும் இரண்டு வழியிலும் கலந்து பார்த்து 1938-இல் முடிவை வெளியிட்டார்கள். ஷையர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லேண்டு தாய்க்குப் பிறந்த குட்டியைப் போல எடையில் சுமார் மூன்று மடங்கு இருந்தது. இரண்டுக்கும் கலப்பு ஒன்றுதான். கருவில் கிடைத்த இடம் வேறு. வளர வளர வித்தியாசம் குறைந்தாலும் முழுதாக மறையவில்லை. ஆகவே கலப்புக் குட்டி வாங்குகிறவர் தகப்பனின் படத்தைப் பார்த்து மயங்குவதை விடத் தாயை நேரில் போய் அளப்பது மேல். எனக்குத் தாய் 13.3 என்பது தெரிந்தும் மனசு அந்த 16 ஹேண்ட் படத்திலேயே இருந்தது.

மீதி நாள்கள் வேகமாகப் போயின. ஏழாவது மாதத்தில் ஒரு கட்டம், பின்பக்கம் முன்பக்கத்தை விட 2.5 செ.மீ. உயர்ந்து, குட்டி எப்போதும் மேட்டிலிருந்து இறங்குவது போல நின்றது. மச்சான் “இது குதிரையா முயலா?” என்றான். இரண்டு மாதத்தில் முன்பக்கம் எட்டிப் பிடித்துவிட்டது. குட்டிகள் இப்படி மாறி மாறித்தான் வளரும். அந்தச் சமயத்தில் பின்முதுகைப் பார்த்து உயரத்தைச் சொல்லிவிட வேண்டாம்.

வாங்கி எட்டு மாதத்தில் 146. பதினான்காவது மாதம் 147.8. அந்த வாரம் தீனித் தொட்டியைக் கழுவும்போது அடியில் ஏதோ கல் மாதிரி உருண்டது. எடுத்துப் பார்த்தால் பல். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே பழுப்பு, அடியில் வேர் கரைந்து வெறும் ஓடாக இருந்தது. ஓடிப்போய் உதட்டை விலக்கினேன். மேல் நடுவில் ஒரு இடைவெளி, அதற்குள் புதுப் பல்லின் அகன்ற வெள்ளை விளிம்பு. நடுப் பால் பல் விழுவது சுமார் இரண்டரை வயதில். 30 மாதத்தில் 14-ஐக் கழித்தால் 16. வாங்கிய அன்று சாம்பிக்குப் 10 மாதம் இல்லை, 16. குதிரைக்குக் குதிரை சில மாதம் முன்பின் ஆகலாம்; ஆனால் ஆறு மாதம் முழுதாகத் தவறியிருந்தது என்பதில் சந்தேகம் போய்விட்டது. அந்த ஆறு மாதம்தான் நோட்டில் 9 செ.மீ. ஆகியிருக்கிறது. பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்தவை மூன்றரையில் மாறின, ஓரத்தில் உள்ளவை நாலரையில். இரண்டுமே கணக்கோடு ஒத்துப்போயின.

மூன்று வயதில் 149. நான்கில் 149.8. இப்போது 150. கடைசி இரண்டு வருஷத்தில் உயரம் ஒரே ஒரு செ.மீ.தான் கூடியது, ஆனால் உடம்பு அகன்றுகொண்டே போனது. மூன்று வயதில் ஒல்லியாக நின்ற குதிரையா இது என்று இருக்கிறது. நெஞ்சுச் சுற்றளவு 176, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம் 158. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் 412 கிலோ. இந்தச் சூத்திரம் வளர்ந்த குதிரைக்கு உரியது. குட்டிக்குப் போட்டால் குறைத்துக் காட்டும், நான் அதையும் போட்டுப் பார்த்தவன்தான். 412-இல் ஐந்தில் ஒரு பங்கு 82. நான், சேணம் எல்லாம் சேர்த்து 79. மூன்று கிலோ இடைவெளி. ராத்திரிச் சாப்பாட்டில் கையை அடக்க வேண்டியது இனி என் பொறுப்பு.

செலவைப் பார்த்தால் தண்டும் கயிறும் மரச்சட்டமும் ஒன்றுமில்லை. காசு போனது எக்ஸ்ரேயிலும் போர்வையிலும் வேண்டாத ஓட்ஸிலும். போர்வை சாம்பிக்கு முட்டி வரை தொங்கியது. மழைக்காலத்தில் லாயத்தின் சன்னலை மறைக்க உதவுகிறது.

அடுத்த தடவை தண்டுக்கு பிவிசி வேண்டாம், அலுமினியச் சதுரக் குழாய் எடுப்பேன், கை தொங்காது. நான்கு வழிகளில் வந்த எண்களை நான்கு தனித்தனிக் காகிதத்தில் எழுதி, எல்லாம் முடியும் வரை ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்த மாட்டேன். படிக்கிற ஆள் வேறு, எழுதுகிற ஆள் வேறு. விடையாக ஒற்றை எண்ணை எழுதாமல் ‘148-153’ என்று இடைவெளியாக எழுதுவேன். அது பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதை நம்பி யாரும் போர்வை வாங்க மாட்டார்கள்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் புதிதாக ஒரு கலப்புக் குட்டி வாங்கியிருக்கிறார், உயரம் எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். “எட்டு மாசம்” என்றார். தண்டைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். போனதும் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, குட்டியின் மோவாயைத் தாங்கி உதட்டை மெல்ல விலக்கினேன். ஓரப் பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு, அரிசி முனை அளவுக்கு அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“எட்டு மாசம் சரிதாங்க” என்றேன். அப்புறம் தண்டை எடுத்தேன்.